சமன் மட்டும் ஆகக்கூடாது

எங்கள் ஊர் அரிசி மில் ஆபீசில் ஒரு போட்டோ தொங்குகிறது. நடுவில் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி உட்கார்ந்திருப்பவன் நான், அழகுமலை, மில் குமாஸ்தா. படத்தில் இருப்பவர்களை எண்ணினால் என்னோடு சேர்த்துப் பத்துப் பேர். பந்தாட்டத்துக்குப் பதினோரு பேர் வேண்டுமே என்று நெல் கொண்டு வருகிறவர்களில் யாராவது கேட்பதுண்டு. கேட்டால் எனக்குக் கோபம் வரும். வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று எரிந்து விழுவேன். இத்தனை வருடமும் அந்தக் கோபத்தை வைத்தேதான் தப்பித்து வந்திருக்கிறேன்.

பதினோராவது ஆள் ஒச்சாண்டி. அவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். சின்னமனூரிலிருந்து நாலு மைல், மேற்கு மலையின் அடிவாரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் எங்களுக்குச் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடும். சின்னமனூரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் தெருவில் மலை நிழல் விழுந்துவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒச்சாண்டிக்கு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. லோயர் கேம்ப் பக்கம் மலையை விட்டு இறங்குகிற பெரியாற்றுத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்போது முறை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அவன் மண்வெட்டியை வைத்தால் தண்ணீர் சொன்ன பேச்சுக் கேட்கும். எந்த மடையை அடைத்தால் எந்த வரப்பு உடையும் என்று அவனுக்குப் பார்த்தவுடனே தெரியும். நெடுநெடுவென்று உயரம், அகலப் பாதம், அதிகம் பேசமாட்டான். ஒருமுறை கோடையில் எங்கள் ஊர் மணியகாரர் தன் முறை வருவதற்கு முன்பே மடையைத் திறக்கச் சொன்னார். கடைமடைக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி இவன் திறக்கவில்லை. மணியகாரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஊரில் எல்லோரும் அந்தச் சிரிப்பைப் பார்த்தோம்.

அந்தக் காலத்தில் ரேகைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. பிறந்த சாதியையே குற்றம் என்று எழுதி வைத்த சட்டம். அந்தச் சாதி ஆண்களுக்கு மீசை முளைத்ததும் பத்து விரலிலும் மையைத் தடவி ரேகை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சாவடியில் வந்து நிற்க வேண்டும். விடியும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். தலையாரி ராக்கையா விளக்கைக் கொளுத்துவார். மணியகாரர் பதிவுப் புத்தகத்தைப் பிரித்துப் பெயர் வாசிப்பார். பெயருக்கு ஆள் இல்லாவிட்டால் முதல் தடவை ஆறு மாதம், இரண்டாம் தடவை ஒரு வருடம், அதற்கு மேல் மூன்று வருடம் என்று ஜெயில். திருடினால்தான் என்றில்லை, வராவிட்டாலே போதும்.

ஒச்சாண்டி ஏற்கெனவே ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவன். அக்கா இருளம்மாள் புருஷன் ஜெயமங்கலத்தில் செத்துப்போனான். எடுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. அதற்குத்தான் ஆறு மாதம்.

இவனை நான்தான் பந்தாட்டத்துக்கு இழுத்தேன். உத்தமபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் விளையாடிய திமிரில் ஊரில் ஒரு டீம் சேர்த்திருந்தேன். நானே கேப்டன், நானே இடது ஃபுல்பேக். அப்போது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நிற்பார்கள். கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டு ஃபுல்பேக், அவர்களுக்கு முன்னால் மூன்று ஹாஃப், அதற்கும் முன்னால் ஒரே வரிசையில் ஐந்து ஃபார்வர்டு. காப்பதற்கு இரண்டு பேர், அடிப்பதற்கு ஐந்து பேர். இடையில் நிற்கிற மூன்று பேரில் நடு ஆள்தான் சென்டர் ஹாஃப். முன்னாலும் ஓட வேண்டும், பின்னாலும் ஓட வேண்டும். வாய்க்கால் கரையில் நாளெல்லாம் நடக்கிறவனுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஒச்சாண்டி எங்கள் சென்டர் ஹாஃப் ஆனான்.

ஆட்டத்தின் நடுவில் அவன் தலை அடிக்கடி மேற்கே திரும்பும். பந்து எந்தப் பக்கம் போனாலும் சரி, மலை உச்சிக்கும் சூரியனுக்கும் இடையில் எத்தனை விரல் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வான். நாங்கள் கேலி செய்வோம். அவன் கோபித்துக்கொண்டதில்லை.

மேகமலை எஸ்டேட் டீமிடம் இரண்டு வருடம் தொடர்ந்து தோற்றிருந்தோம். அந்த எஸ்டேட் துரை தன் நாட்டிலிருந்து புது வித்தை ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். சென்டர் ஹாஃபை இரண்டு ஃபுல்பேக்குகளுக்கு நடுவில் இறக்கிவிட்டார். பின்னால் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். எங்கள் ஐந்து பேரும் நேராகப் போய் அந்த நடு ஆள் மேல் மோதிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அவர்களும் அப்படி இறங்கி ஆடுகிறார்களே, நாமும் நம் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்துக்கொள்ளலாமே என்பது என் யோசனை. தோற்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கிற புத்தி எனக்கு அப்போதிலிருந்தே உண்டு.

ஒச்சாண்டி ஒத்துக்கொள்ளவில்லை. வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து ஈர மண்ணில் விரலால் கோடு இழுத்துக் காட்டினான்.

"அவுக நடு மடையில கல்லைப் போட்டு அடைச்சிட்டாகண்ணே. நாம அந்தக் கல்லுலயே போயி முட்டிக்கிட்டு இருக்கோம். கல்லை நகத்தணும்."

"எப்படிடா நகத்துவ?"

"கர்ணன் கோலுக்கு முன்னால நிக்க வேணாம். வலது ஓரமா ஓடட்டும். அவனைப் புடிக்கணும்னு அந்தக் கல்லும் பின்னாலயே ஓடும். ஓடுனா நடு மடை தெறந்துக்கிரும்ல? நான் பின்னாலருந்து பாஞ்சு வந்துர்றேன்."

கர்ணன் எங்கள் சென்டர் ஃபார்வர்டு. இதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. நான்தான் குறுக்கே கேட்டேன்.

"சரிடா, நீ முன்னால போயிட்டா நீ நின்ன எடத்துல யாரு நிப்பா?"

"யாருமில்லண்ணே."

"அங்கன பந்து வந்தா?"

"நீங்க இருக்கீகள்ல," என்றான்.

அப்படி ஆடித்தான் அந்த வருடம் எல்லோரையும் அடித்தோம். இறுதி ஆட்டம் மறுபடியும் எஸ்டேட் டீமோடு, சின்னமனூர் மைதானத்தில், மார்கழி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வருடம் 1938. விதிமுறைக் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். எஸ்டேட் ஆட்கள் திங்கள் காலையிலேயே மலை ஏறி வேலைக்குப் போக வேண்டும் என்பதால் முடிவை அன்றே தெரிந்துகொள்ள வேண்டுமாம். இரண்டு பக்கமும் சமமாக நின்றால் அங்கேயே பத்துப் பத்து நிமிடம் கூடுதல் ஆட்டம்.

ஒச்சாண்டி அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னான். பிறகு விரல் விட்டு எண்ணினான். மூன்றரைக்கு ஆரம்பித்தால் நாலே முக்காலுக்கு முடியும். அங்கிருந்து நடையும் ஓட்டமுமாக முக்கால் மணி நேரம். மார்கழியில் ராக்கையா ஐந்தே முக்காலுக்கு விளக்கு வைத்துவிடுவார். கூடுதல் ஆட்டம் வந்தால் எல்லாம் போயிற்று. சைக்கிள் வைத்திருந்தவர்கள் ஊரில் இரண்டே பேர். ஒருவர் மில் முதலாளி, மற்றவர் மணியகாரர். இரண்டு பேரும் இரவல் கொடுக்கிற ஆட்கள் இல்லை.

"ஜெயிக்கணும், இல்ல தோக்கணும்ணே. சமன் மட்டும் ஆகக்கூடாது," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

ஒச்சாண்டி வெளியூர் போக மணியகாரரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நான்தான் போனேன். அலைய விடுவார், அவமானப்படுத்துவார் என்று எதிர்பார்த்துப் போனால், கேட்டவுடன் எழுதிக் கொடுத்தார். "வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துரணும்னு எழுதியிருக்கேன். பையங்கிட்டச் சொல்லிரு," என்றார் அதே சிரிப்போடு. அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததே, அது என்னை உறுத்தியிருக்க வேண்டும். காரியம் ஆன சந்தோஷத்தில் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

சனிக்கிழமை ஒச்சாண்டியின் மனைவி மொக்கம்மாள் மில்லுக்கு வந்தாள். வயிற்றில் பிள்ளை, ஆறு மாதம். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, அவுகளை வெளக்கு வைக்கிறதுக்குள்ள கொண்டாந்து விட்டுருவீகளா?"

"நானாச்சு ஆத்தா. நீ கவலைப்படாமப் போ."

"போன தடவையும் இப்படித்தேன் கவலைப்படாதன்னு சொன்னாக," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மூன்றரைக்கு ஆட்டம் ஆரம்பிக்கவில்லை. கேடயம் கொடுக்க வேண்டிய பெரிய மனிதரின் கார் வந்து சேர அரை மணி நேரம் ஆயிற்று. மைதானத்தின் நடுவில் பந்தை வைத்துக்கொண்டு நின்றோம். ஒச்சாண்டி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு மணிக்கு விசில் ஊதினார்கள். அப்படியானால் ஐந்தேகாலுக்கு முடியும். ஒரே ஓட்டமாக ஓடினால் விளக்கு வைக்கும்போது சாவடியில் நிற்கலாம். ஒரு நிமிடம்கூட மிச்சம் இல்லை.

பத்தாவது நிமிடத்திலேயே எஸ்டேட் டீம் ஒரு கோல் போட்டது. அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு ஞானதுரை, எஸ்டேட் ஆபீசில் எழுத்துவேலை பார்ப்பவன், மெலிந்த ஆள். பந்து காலில் பட்டால் அவனைப் பிடிக்க முடியாது. ஒச்சாண்டி முன்னால் போயிருந்தபோது அவன் விட்டுப்போன வெற்றிடத்தில் புகுந்து என்னைத் தாண்டி அடித்துவிட்டான். எனக்கு ஆத்திரம். "இங்கன நில்லுடா!" என்று கத்தினேன். ஒச்சாண்டி கேட்கவில்லை. அடுத்த முறை கர்ணன் வலது ஓரம் ஓடினான். நடு ஆள் அவன் பின்னாலேயே போனான். ஒச்சாண்டி சொன்னபடியே நடு மடை திறந்தது. அவன் பாய்ந்து வந்து அடித்தது கீப்பருக்குத் தெரியக்கூட இல்லை. ஒன்றுக்கு ஒன்று.

பாதி ஆட்டம் முடிந்து பத்து நிமிடத்தில் எங்கள் வலது ஓரத்து ஃபார்வர்டு பிச்சைமணி இன்னொன்று போட்டான். இரண்டுக்கு ஒன்று. இருபத்தைந்து நிமிடம் இப்படியே போனால் கேடயம் எங்களுக்கு. ஒச்சாண்டியும் நேரத்துக்குப் போய்விடுவான்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஒச்சாண்டியைப் பின்னால் வரச் சொன்னேன்.

"வேணாம்ணே. தண்ணியை அடைச்சு நிறுத்துனா கரைதேன் ஒடையும். அங்கனயே ஓடிக்கிட்டு இருக்கட்டும்."

"நான் கேப்டன். சொன்னதைச் செய்டா."

வந்து நின்றான். அதற்குப் பிறகு பந்து எங்கள் பாதியை விட்டு நகரவில்லை. எல்லோரும் கோலுக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். அவர்கள் மாறி மாறி அடித்துக்கொண்டே இருந்தார்கள். முடிவதற்கு ஆறு நிமிடம் இருக்கும்போது கரை உடைந்தது. இரண்டுக்கு இரண்டு.

ஒச்சாண்டி என்னைத் திட்டவில்லை. மேற்கே ஒருமுறை பார்த்தான். பிறகு இரண்டு பக்க ஹாஃப்களையும் கையைக் காட்டி முன்னால் போகச் சொல்லிவிட்டு அவனும் போனான். எட்டுப் பேர் அவர்கள் பாதியில். பின்னால் நான், இன்னொரு ஃபுல்பேக், கீப்பர். அப்படி ஒரு தாக்குதலை அந்த மைதானம் பார்த்திருக்காது. இரண்டு தரம் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒரு தரம் கீப்பர் வயிற்றில் பட்டது.

கடைசி நிமிடம். யாரோ ஓங்கி உதைத்த பந்து எட்டுப் பேரின் தலைக்கு மேலே பறந்து ஞானதுரை காலில் விழுந்தது. கூட இருந்த ஃபுல்பேக் வழுக்கி விழுந்தான். கீப்பர் முன்னால் ஓடி ஏமாந்துபோனான். ஞானதுரை, கோல், நடுவில் நான்.

நான் விட்டுவிட்டால் தோற்றுவிடுவோம். தோற்றால் ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஒச்சாண்டி மைதானத்திலிருந்து நேராக ஊரைப் பார்த்து ஓடலாம். அது எனக்கு அந்த நொடியில் தெரியும். தெரியவில்லை என்று சொன்னால் பொய். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒச்சாண்டி கத்தினான்.

"விட்டுருண்ணே! அழகுண்ணே, விட்டுரு!"

கூட்டம் இரைந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு மேலே அவன் குரல் தனியாகக் கேட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனைக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

நான் விடவில்லை. விழுந்து சறுக்கிக் கோல் கோட்டின் மேலேயே பந்தை வெளியே தட்டினேன். விசில் ஊதியது. ஜனங்கள் உள்ளே ஓடி வந்து என்னைத் தூக்கினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒச்சாண்டி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"ஏலே, பத்துப் பேரா ஆடுனா கப்பு போயிரும்டா."

"நேரமாச்சுண்ணே."

"எங்கன நேரமாச்சு? பாரு, வெயில் இன்னும் அடிக்குது."

அடித்துக்கொண்டுதான் இருந்தது. சின்னமனூரில். அதே நேரம் எங்கள் தெருவில் மலை நிழல் விழுந்து கோழிகள் அடைந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? அந்த ஊரில் பிறந்தவன் நான். அவன் மலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நான் கூடவே வந்து மணியகாரர்கிட்டப் பேசுறேன். என் பொறுப்பு. இருபது நிமிசம்தான்," என்றேன்.

என் பொறுப்பு என்று சொன்னதற்காகத்தான் நின்றான். துண்டை எறிந்துவிட்டு மறுபடி உள்ளே வந்தான். கூடுதல் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் கர்ணன் ஓரமாக ஓட, நடு ஆள் பின்னால் போக, ஒச்சாண்டி பாய்ந்து வந்து மூன்றாவது கோலை அடித்தான். அடித்துவிட்டுத் துள்ளவில்லை, கையைத் தூக்கவில்லை. முடியும் விசில் ஊதியதும் நேராக என்னிடம் வந்தான்.

"வாங்கண்ணே, போவோம்."

கேடயத்தை மேஜையில் வைத்திருந்தார்கள். தேனியிலிருந்து வந்த போட்டோக்காரர் கறுப்புத் துணியை உதறிக்கொண்டிருந்தார்.

"நீ முன்னால ஓடு. ஒரே ஒரு போட்டோ. பின்னாலயே வந்துர்றேன்."

அவன் ஒரு நொடி நின்றான். பிறகு ஓடினான். ரோட்டுத் திருப்பத்தில் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் மறைகிறவரை தெரிந்தான். அந்தப் போட்டோதான் மில்லில் தொங்குகிறது.

நாங்கள் வண்டி கட்டி மேளத்தோடு ஊருக்குள் நுழைந்தபோது சாவடி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒச்சாண்டி தூணோரம் தனியாக நின்றான். உடம்பில் வேர்வை காய்ந்திருந்தது. மேளம் தானாக நின்றுவிட்டது. ராக்கையா என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பேரை ரெண்டு தரம் வாசிச்சாகப்பா. நான்கூட நேரம் கடத்த இருமி இருமிப் பாத்தேன். அவுக காத்திருக்கல. ஆள் வரலைன்னு எழுதிட்டாக."

நான் மணியகாரரிடம் போனேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஜெயிச்சுட்டீகளாமே. ரொம்பச் சந்தோசம். எங்க, கேடயத்தைக் காட்டு பாப்போம்."

காட்டினேன். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேசுகிறேன் என்று சொல்லியிருந்தேனே, அவர் நீட்டிய கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். மொக்கம்மாள் எதிர்ச் சந்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருடம் ஜெயில் போட்டார்கள். அவன் உள்ளே இருக்கும்போது பெண் குழந்தை பிறந்தது. கஸ்தூரி என்று பெயர் வைத்தார்கள். திரும்பி வந்தவன் பாதி ஆளாக இருந்தான். மார்பில் ஓர் இருமல் தங்கிவிட்டது. தண்ணீர் பாய்ச்சுகிற வேலையை மணியகாரர் வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தார். கூலிக்குக் களை வெட்டினான், மூட்டை சுமந்தான். பந்தைத் தொடவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. அவன் இல்லாமல் எங்கள் ஐந்து ஃபார்வர்டுகளும் மறுபடி கல்லில் முட்டிக்கொண்டார்கள். இரண்டு வருடத்தில் டீம் கலைந்துபோயிற்று.

1947-இல் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். செய்தி வந்த அன்று சாயங்காலம் ராக்கையா பழக்க தோஷத்தில் விளக்கைக் கொளுத்திவிட்டாராம். பெயர் வாசிக்க ஆளும் இல்லை, நிற்க ஆளும் இல்லை. அடுத்த வாரம் ஒச்சாண்டி மில்லுக்கு வந்தான். ஒன்பது வருடத்தில் அவன் ஆபீசுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. போட்டோவுக்கு முன்னால் போய் நின்று, இருமலை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"பிச்சைமணி என்னமாச் சிரிக்கிறான் பாருங்க," என்றான்.

நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவன் என் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணு கேக்கணும்ணே. ரொம்ப நாளா மனசுல கெடக்கு. அன்னைக்கு அந்தக் கடைசிப் பந்துல, விட்டுருன்னு நான் கத்துனேனே. ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

அவன் கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். பயம்தான் இருந்தது, நான் என்ன சொல்லிவிடுவேனோ என்கிற பயம்.

"கேக்கலப்பா," என்றேன். "ஒரே சத்தம்."

அவன் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"நானும் அப்படித்தேன் நெனச்சேன். மொக்கம்மாதான் நம்பல. அவளுக்கும் இப்பச் சொல்லிருவேன். கேட்டிருந்தா விட்டிருப்பீகள்லண்ணே?"

"ஆமா," என்றேன்.